ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் கோவிட்-19 தொற்றும்: பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை

மலேசியாவில் முதல் கோவிட்-19 நோயாளிகள் 2020 ஜனவரி 25ஆம் தேதி அடையாளம் காணப்பட்டனர். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நுரையீரலைத் தாக்கும் கிருமி என்று கேள்விப்பட்டதும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வைத்திருந்த பெற்றோர் மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகப் பயந்தனர். சாதாரணச் சளி பிடித்தாலே இரவெல்லாம் மூச்சிழுக்கும் பிள்ளை, இந்தக் கிருமியைத் தாங்குமா என்பதே அவர்களின் கவலை.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அனைத்துலக அவசரநிலையை மீட்டுக்கொண்டது. ஆனால், கிருமி போய்விடவில்லை. சளிக்காய்ச்சலைப் போல அது அவ்வப்போது தலைதூக்குகிறது. எனவே அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் தேவைப்படுகிறது.

பதில் இதுதான்: ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கோவிட் கடுமையாகும் அபாயம், மற்ற பிள்ளைகளைவிடச் சற்றே கூடுதல். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கோ அந்த அபாயம் பல மடங்கு கூடுகிறது. ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் அன்றாட மருந்தைப் பொறுத்தது.

பெயர் எதுவானாலும் நோய் ஒன்றே

நம் வீடுகளில் ஆஸ்துமாவுக்குப் பல பெயர்கள் உண்டு. பாட்டிமார் இழுப்பு, இரைப்பு என்பார்கள். பழைய மருத்துவ நூல்களில் ஈளை, சுவாசகாசம் என்ற பெயர்களைக் காணலாம். இளம் பெற்றோர் 'வீசிங்' என்கிறார்கள். "வெறும் வீசிங்தான், ஆஸ்துமா எல்லாம் இல்லை" என்று சொல்லும் குடும்பங்கள் பல. பெண் பிள்ளையாக இருந்தால், பின்னாளில் திருமணப் பேச்சுக்கு இடைஞ்சலாகுமோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சளிக் கிருமியால் மட்டும் மூச்சிழுப்பு வந்து, வளர வளர நின்றுபோவது உண்டு. ஆனால் இரவில் இருமல், ஓடினால் இளைப்பு, தூசியோ புகையோ பட்டால் நெஞ்சு இறுக்கம் ஆகியவை திரும்பத் திரும்ப வந்தால், அது ஆஸ்துமாவா என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பெயருக்குப் பயந்து நோயை மறைத்தால், அதற்குரிய மருந்தும் பிள்ளைக்குக் கிடைக்காது. சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள், ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் இறப்பதும் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம் என்று காட்டியுள்ளன. நம் சமூகம் இந்நோயைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆய்வு சொல்வது என்ன?

தொற்றின் தொடக்கத்தில் பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் ஆஸ்துமாவை ஆபத்தான நோய்களின் பட்டியலில் சேர்த்தன. அப்போது கையில் போதுமான தகவல் இல்லை. சளிக் கிருமிகள் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது தெரிந்ததே. ஆகவே இதுவும் அப்படித்தான் செய்யும் என்று முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

பின்னர் வந்த ஆய்வுகளில் ஸ்காட்லாந்தில் நடந்தது முக்கியமானது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழிநடத்திய அந்த ஆய்வு, 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை, 5 முதல் 17 வயதுக்குட்பட்ட 752,867 பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தது. அவர்களில் 63,463 பேருக்கு ஆஸ்துமா இருந்தது.

ஆஸ்துமா உள்ளவர்களில் 4,339 பேருக்குக் கோவிட் உறுதியானது. அவர்களில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 67 பேர், அதாவது நூற்றுக்கு 1.5 பேர். ஆஸ்துமா இல்லாதவர்களில் தொற்று கண்ட 40,231 பேரில் 382 பேர் சேர்க்கப்பட்டனர். இது நூற்றுக்கு 0.9 பேர். ஆஸ்துமா இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிகப் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே தேறினார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முன்னர் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு, கோவிட்டால் மருத்துவமனைக்குப் போகும் அபாயம் ஆஸ்துமா இல்லாத பிள்ளைகளைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாக இருந்தது. ஆஸ்துமா முற்றியதால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தவர்களுக்கு அது 3 மடங்கைத் தாண்டியது. ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் தங்க நேராத பிள்ளைகளுக்கு அபாயம் சற்றே கூடுதலாக இருந்தது.

காரணம் என்ன?

கோவிட் கிருமி மனித உயிரணுவுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பில் உள்ள 'ஏஸ்-2' என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பெரியவர்களைவிடச் சிறுவர்களின் மூக்கில் இப்புரதம் குறைவு என்று 2020இல் கண்டறியப்பட்டது. ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயிலும், இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து பயன்படுத்துவோரிடமும் இது குறைவாக இருப்பதாக வேறு ஆய்வுகள் தெரிவித்தன. பிள்ளைகளின் ஆஸ்துமா பெரும்பாலும் ஒவ்வாமையோடு சேர்ந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பயந்த அளவுக்குப் பாதிக்கப்படாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவின் நிலை வேறு. அங்கே மூச்சுக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே வீங்கிச் சிவந்து, சளி கட்டியிருக்கும். அதன் மேல் எந்தக் கிருமி வந்தாலும் குழாய் இன்னும் குறுகும். மூச்சிழுப்பை அதிகம் தூண்டும் கிருமி, சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ கிருமிதான். ஊரடங்கின்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை; சளியும் பரவவில்லை. பல நாடுகளில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் வெகுவாகக் குறைந்தது.

கட்டுக்குள் இருக்கிறதா? நான்கு கேள்விகள்

அனைத்துலக ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜினா', 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நான்கு கேள்விகளைப் பரிந்துரைக்கிறது. கடந்த 4 வாரங்களை மனத்தில் வைத்துப் பெற்றோரே இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் பகலில் இருமல், இளைப்பு, மூச்சிழுப்பு வந்ததா?
2. ஆஸ்துமாவால் இரவில் தூக்கம் கலைந்ததா?
3. நீல நிற நிவாரண பம்ப் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா?
4. ஆஸ்துமாவால் விளையாட்டையோ ஓட்டத்தையோ குறைத்துக்கொள்ள வேண்டியிருந்ததா?

நான்கிற்கும் 'இல்லை' என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டிற்கு 'ஆம்' என்றால் பாதியளவே கட்டுக்குள் உள்ளது. மூன்று, நான்கு 'ஆம்' என்றால் கட்டுக்குள் இல்லை. தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடந்த ஓராண்டில் ஒரு தடவையாவது மூச்சிழுப்பு முற்றி மருத்துவமனைக்குப் போயிருந்தால், இந்த நான்கிற்கும் 'இல்லை' என்றாலும் அதை மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

நிறுத்தக்கூடாத பம்ப்

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை பம்ப் கொடுப்பார்கள். நீல நிறத்தில் வரும் சல்புட்டமோல், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். உடனே ஆறுதல் தருவதால் பிள்ளைகளும் பெற்றோரும் இதையே நம்புகிறார்கள். ஆனால் வீக்கத்தை இது குறைப்பதில்லை. வீக்கத்தைக் குறைப்பது புடெசோனைட், புளூட்டிக்கசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த தடுப்பு பம்ப். இதன் பலன் உடனே தெரியாது. மருத்துவர் தினமும் போடச் சொல்லியிருந்தால், பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டும். பிள்ளை நன்றாக இருப்பதே அதனால்தான்.

தொற்றுக் காலத்தில் இதைப் பலர் நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைத்துவிடும், கோவிட் சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் பரவியது. மருத்துவ வழிகாட்டிகள் அதற்கு நேர்மாறாகச் சொல்லின. தடுப்பு பம்ப்பை நிறுத்தினால் ஆஸ்துமா முற்றும். முற்றினால் கோவிட்டின் ஆபத்தும் கூடும். மூச்சிழுப்பு கடுமையாகும்போது கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையையும், கோவிட் இருக்கிறது என்பதற்காகத் தவிர்க்க வேண்டியதில்லை என்றே 'ஜினா' அறிவித்தது.

பிள்ளை வளராமல் போய்விடுமோ என்பது இன்னொரு பயம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. சிறு வயதில் சில ஆண்டுகள் புடெசோனைட் இழுத்தவர்கள், அதை இழுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தனர். இழப்பு அவ்வளவுதான். மறுபக்கத்தில், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உயிரையே பறிக்கக்கூடியது. மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது சரியான வழி. தானாக நிறுத்துவது சரியன்று. பம்ப் போட்ட பிறகு வாய் கொப்பளித்தால் வாய்ப்புண் வரும் வாய்ப்பு குறையும்.

செலவைக் காரணம் காட்டியும் நிறுத்த வேண்டியதில்லை. அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் குடிமக்களுக்கு மருந்தோடு சேர்த்துக் கட்டணம் 1 ரிங்கிட்.

'கேஸ்' கொடுக்கவில்லையே!

மூச்சிழுப்பு என்றால் கிளினிக்கில் 'கேஸ்' வைக்க வேண்டும் என்பது நம்மவர்களின் வழக்கம். நெபுலைசர் கருவியைத்தான் அப்படிச் சொல்கிறோம். கோவிட் காலத்தில் பல இடங்களில் அதை நிறுத்தியபோது, பிள்ளைக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டதாகச் சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். நெபுலைசர் மருந்தைப் பனிபோல ஊதுகிறது. நோயாளியிடம் கிருமி இருந்தால், அந்தப் பனியோடு சேர்ந்து அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பரவக்கூடும். அதனால்தான் பம்ப்பும் ஸ்பேசரும் பயன்படுத்தும்படி மருத்துவ வழிகாட்டிகள் கூறின.

ஸ்பேசர் என்பது பம்ப்புக்கும் பிள்ளையின் வாய்க்கும் இடையில் வைக்கும் பிளாஸ்டிக் குழாய். சிறு குழந்தைகளுக்கு முகமூடியோடு வரும். பம்ப்பை நேராக வாயில் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் வழியாகப் போனால் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில், ஸ்பேசர் நெபுலைசருக்கு இணையாக வேலை செய்கிறது என்பது கோவிட்டுக்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. ஸ்பேசர் பயன்படுத்திய பிள்ளைகள் அவசரப் பிரிவில் காத்திருக்கும் நேரமும் குறைந்தது.

ஸ்பேசர் கையில் இல்லாவிட்டால்? 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் பொருந்தும் அளவு ஓட்டை போட்டு, இடைவெளியை அடைத்துப் பயன்படுத்தினால், கடையில் வாங்கும் ஸ்பேசரைப் போலவே பலன் தருகிறது என்று தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 1999இல் காட்டியது. மருத்துவமனைக்குத் தொலைவில் உள்ள தோட்டக் குடும்பங்கள் இதை நினைவில் வைத்திருக்கலாம். முறையான ஸ்பேசர் கிடைக்கும் வரைதான் இந்த ஏற்பாடு.

பிள்ளைக்குத் தொற்று ஏற்பட்டால்

காய்ச்சல், தொண்டை வலி, உடல்வலி ஆகியவை தொற்றைக் காட்டும். ஆஸ்துமாவில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி கேட்கும், இருமல் இரவிலும் விடியலிலும் கூடும். இரண்டும் சேர்ந்து வரலாம். சந்தேகம் இருந்தால் சோதனைக் கருவியில் பார்த்துவிடுவது நல்லது.

தொற்று உறுதியானாலும் தடுப்பு பம்ப்பைத் தொடர வேண்டும். நீர் ஆகாரம் அடிக்கடி கொடுக்க வேண்டும். பம்ப்பையும் ஸ்பேசரையும் அண்ணன் தம்பிகளுக்குள் பகிரக் கூடாது. வேது பிடிப்பது மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்காது. கொதிநீர் கொட்டிப் பிள்ளைகள் வெந்துபோவதும் நடக்கிறது. நெஞ்சில் தைலம் தேய்ப்பதும் கடுமையான வாசனையால் சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டும்.

மூச்சிழுப்பு தொடங்கிவிட்டால், மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டப்படி நீல பம்ப் கொடுக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாவிட்டால், ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கற்றுத்தரும் '4-4-4' முறை எளிமையானது. பிள்ளையை நேராக உட்கார வைத்து, ஸ்பேசரில் 4 தடவை அடிக்க வேண்டும்; ஒவ்வொரு அடிக்கும் 4 மூச்சு. பின்னர் 4 நிமிடம் காத்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் 999க்கு அழைத்துவிட்டு, உதவி வரும் வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்:

- மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை
- மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளின் இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்வாங்குகிறது
- உதடும் நாக்கும் நீலம் பாய்கின்றன
- பிள்ளை சோர்ந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது. கைக்குழந்தை பால் குடிக்கவில்லை
- நீல பம்ப் போட்டும் பலனில்லை, அல்லது 4 மணி நேரத்துக்குள் மீண்டும் தேவைப்படுகிறது
- விசில் ஒலி நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை இன்னும் மூச்சுக்குத் திணறுகிறது

கடைசி அறிகுறியில்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒலி நின்றதும் பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். காற்று உள்ளே போகவே இல்லாதபோதும் ஒலி நின்றுவிடும்.

ஆஸ்துமா இரவில் முற்றுவது வழக்கம். தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்கு யார் காரில் போவது, அந்த நேரத்தில் யாரை எழுப்பலாம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

விரலில் மாட்டும் கருவி

2021இல் தொற்று உச்சத்தில் இருந்தபோது, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைப் பல குடும்பங்கள் வாங்கி வைத்தன. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் எச்சரித்தது. கருவி 95 என்று காட்டினாலும் பிள்ளை மூச்சுக்குத் திணறினால், கருவியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தடுப்பூசியும் முகக்கவசமும்

மலேசியாவில் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 2022 பிப்ரவரி 3ஆம் தேதி தொடங்கியது. ஆஸ்துமா தடுப்பூசிக்குத் தடையாகாது. முன்பு தடுப்பூசியாலோ அதில் உள்ள பொருளாலோ கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் பயன் தரும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையும் கூட்டமான இடங்களில் முகக்கவசம் அணியலாம். அதனால் ஆக்சிஜன் குறைவதில்லை. மூச்சிழுப்பு வந்த நேரத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அணிவிக்கக் கூடாது.

வீட்டுக்குள் இருக்கும் புகை

கிருமியை முழுதாகத் தடுக்க முடியாது. வீட்டில் எழும் புகையைத் தடுக்க முடியும். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்று, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்த ஆய்வு 2003இல் கூறியது. டிங்கி பயத்தால் சுருளைக் கைவிட முடியாத வீடுகளில், பிள்ளை படுக்கும் அறைக்குக் கொசுவலை நல்ல மாற்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பிள்ளை வெளியே விளையாடும் நேரத்தில் போட்டு, சன்னல்களைத் திறந்து வைக்கலாம். சிகரெட் பிடிப்பவர் வாசலில் நின்று பிடித்தாலும் புகை சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். அவர் விட்டுவிடுவதுதான் பிள்ளைக்கு நல்லது.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்றது. பிள்ளை திடலில் ஓடியாடக் கூடாது. 200ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்றது.

பள்ளிப் பையில் நீல பம்ப்பும் ஸ்பேசரும் இருக்கட்டும். வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் பிள்ளையின் நோயைப் பற்றியும் பம்ப்பைப் பயன்படுத்தும் முறையைப் பற்றியும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது பம்ப்பையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், மருத்துவரோ தாதியோ பார்க்கப் பிள்ளையைப் பயன்படுத்திக் காட்டச் சொல்ல வேண்டும். பல வருடங்களாகப் பம்ப் போடும் பிள்ளைகளில் பலர் அதைத் தவறாகவே போடுகிறார்கள். அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும்.